ஷெரினுக்குத் தெரிந்த சொற்கள்

ஷெரினுக்கு ஐந்து வயது. கிளினிக்கில் மேனகாவுக்கு முன்னால் போட்டிருந்த சின்ன பிளாஸ்டிக் கதிரையில், கைகளை மடியில் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மேனகா பேச்சு மொழிச் சிகிச்சை படிக்கும் மூன்றாம் வருட மாணவி. படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனாள். பல படங்களுக்குப் பிள்ளை வாயே திறக்கவில்லை; மற்றவற்றுக்குச் சிங்களச் சொல்லோ வீட்டுச் சொல்லோ முணுமுணுத்ததை மேனகாவின் போன் பதிவு செய்துகொண்டிருந்தது. "அகப்பை எது? காட்டுங்கோ" என்றபோது தாயைத் திரும்பிப் பார்த்தாள். ஆமையின் படத்துக்கு மட்டும் முகம் மலர்ந்து "இப்பா!" என்று கத்தினாள்.

சிங்களத்தில் ஆமைக்கு அதுதான் பெயர். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த மேனகாவுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் தமிழ்ச் சோதனையில் தமிழ்ச் சொல்லுக்குத்தான் புள்ளி. பூச்சியம் போட்டாள்.

கூட்டிப் பார்த்தபோது புள்ளிகள் மிகக் குறைவாக இருந்தன. மொழி வளர்ச்சியில் கடுமையான தாமதம், விசேட வகுப்புக்குப் பரிந்துரைக்கலாம் என்று அறிக்கை எழுதினாள். ஷெரின் வரும் ஜனவரியில் முதலாம் ஆண்டுக்குப் போக வேண்டியவள். பாலர் பாடசாலையில் வாய் திறப்பதே இல்லை என்று ஆசிரியை சொன்னதால்தான் தாய் அவளை இங்கே கூட்டிவந்திருந்தாள்.

"மிஸ், எங்கட புள்ள நல்லா கதைப்பா. வீட்டுல வாய் ஓயாது," என்று தாய் சொன்னாள். எல்லாத் தாய்மாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று மேனகா நினைத்துக்கொண்டாள்.

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருட மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி உண்டு. மேனகாவுக்குக் கிடைத்தவர் ஆரணி. வெள்ளவத்தையில் வசிக்கும் இளம் விரிவுரையாளர். படிப்பை முடித்து அதிக காலம் ஆகவில்லை. ஆனாலும் அந்தப் படச் சோதனையைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். துறைக்கு அதில் பெரிய பெருமை.

ஆரணி அறிக்கையை முழுவதும் படித்தார். பிழை ஒன்றும் சொல்லவில்லை.

"வடிவா எழுதியிருக்கிறீர். ஷெரின் எப்பிடிப்பட்ட பிள்ளை?"

"கடுமையான தாமதம் இருக்கிற பிள்ளை மிஸ்."

"அது புள்ளி. நான் பிள்ளையைக் கேக்கிறன். என்ன விளையாடுவா? ஆரோட சண்டை பிடிப்பா? எதுக்குச் சிரிப்பா?"

மேனகா அறிக்கையின் பக்கங்களைத் திருப்பினாள். அவளுடைய அறிக்கைகளுக்கு எப்போதும் நல்ல புள்ளி கிடைக்கும். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"தாயிட்டக் கேட்டிட்டு வீட்ட போய்ப் பாரும். படங்களைக் கொண்டு போகாதேயும். ஒண்டும் கேக்கவும் வேண்டாம். சும்மா இருந்து பாத்திட்டு வந்து எனக்குச் சொல்லும்."

இது நேர விரயம் என்றுதான் மேனகாவுக்குத் தோன்றியது. என்றாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டக்குளிக்கு பஸ் ஏறினாள்.

தொடர்மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஷெரினின் வீடு. அப்பா கிறிஸ்ரி மீன்பிடிக்கப் போகிறவர். வாசலில் வலையை விரித்துப் போட்டு அறுந்த இடங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். தாய் தேநீர் கொடுத்துவிட்டு, "அந்தா பாருங்க மிஸ்," என்று மாடிப்படிப் பக்கம் கையைக் காட்டினாள்.

படிக்கட்டுக்குக் கீழே ஷெரின் மீன்கடை போட்டிருந்தாள். பழைய செருப்புகளும் தென்னை மட்டைத் துண்டுகளும்தான் மீன்கள். மேல்மாடியிலிருந்து இறங்கிவந்த சிங்கள இளைஞனை மறித்து, மீன் வேண்டுமா என்று சிங்களத்தில் கேட்டாள். அவன் விலை கேட்டான். அவள் சொன்னாள். விலை கூடுதல் என்றான் அவன்.

"போய் கடல்ல புடிச்சுப் பாருங்க, அப்ப தெரியும்!" என்று அதையும் சிங்களத்திலேயே சொன்னாள். அவன் வாய்விட்டுச் சிரித்து, இல்லாத காசைக் கொடுத்து ஒரு செருப்பை வாங்கிக்கொண்டு போனான்.

அடுத்து பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா வந்தார். ஷெரினின் பேச்சு உடனே மாறியது. "வாங்க உம்மா, உங்களுக்குன்னு நல்ல மீன் எடுத்து வெச்சிருக்கேன். மத்தவங்களுக்குக் குடுக்கல்ல." அவர் போனதும் தன் தம்பியை, தம்பிக்கான சிங்களச் சொல்லால் கூப்பிட்டு அதட்டினாள். "மல்லி, தண்ணி தெளிடா. மீன் காஞ்சு போவுது!"

மேனகா தேநீரைக் குடிக்க மறந்திருந்தாள். தாயிடம் கேட்டுவிட்டு, போனில் பதிவு செய்யத் தொடங்கினாள்.

சற்று நேரத்தில் ஷெரினே அவளிடம் வந்து மடியோடு ஒட்டி நின்றாள். கிளினிக்கில் பார்த்த பிள்ளையா இது!

"ஒங்களுக்குத் தெரியுமா, அப்பாட வலையில இப்பா ஒண்ணு மாட்டிச்சு. பெரிசு. அழுதுச்சு. அப்பா கத்தியால வலைய வெட்டி விட்டுட்டாரு. அம்மா ஏசுனாங்க, வலை வீணாப் போச்சுன்னு. அப்பா சொன்னாரு, அதுக்கும் வீட்டுல புள்ளைங்க இருக்கும்ல."

ஒரு நிகழ்ச்சி. அதற்குக் காரணம். ஒருவர் செய்ததை இன்னொருவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்ற விளக்கம். ஐந்து வயதுப் பிள்ளையிடம் எதையெல்லாம் எதிர்பார்க்க வேண்டும் என்று மேனகா மனப்பாடம் செய்திருந்தாளோ, அதெல்லாம் அந்த ஒரு கதைக்குள் இருந்தது. அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"என்ன மிஸ்? ஏதும் பிழையா?" என்று கிறிஸ்ரி பதறினார்.

"இல்லண்ணே! ஒண்ணுமே பிழை இல்ல!"

அது அவளுடைய வீட்டுப் பேச்சு. பல்கலைக்கழகத்தில் அவள் அப்படிப் பேசுவதே இல்லை. அவளுடைய அப்பா இராமர், ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து இளவயதில் கொழும்புக்கு வந்தவர். முதல் வகுப்பில் மேனகா "ஆமா டீச்சர்" என்றதற்கு, "ஓம் எண்டு சொல்லு, தோட்டத்துக் கதை கதைக்காத" என்று டீச்சர் சொன்னார். வகுப்பே சிரித்தது. அதன்பிறகு அந்த வருடம் முழுக்க அவள் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. மந்தமான பிள்ளை என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது அது நினைவுக்கு வந்தது. என்னை மந்தம் என்றார்கள், அதையேதான் நான் ஷெரினுக்குச் செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடப் பெரிதாக வேறொன்று நெஞ்சுக்குள் குதித்துக்கொண்டிருந்தது. எந்த மொழிச் சொல்லாக இருந்தாலும் பொருள் சரியென்றால் புள்ளி போட்டால் என்ன? போனில் படம் பிடித்து வைத்திருந்த விடைத்தாளை மனதுக்குள் திருத்தத் தொடங்கினாள். அகப்பை என்ற சொல் எங்கள் வீட்டிலும் கிடையாதே, கரண்டி என்றுதானே சொல்வோம்! புள்ளி ஏறிக்கொண்டே போனது. கொட்டாஞ்சேனையில் இறங்க வேண்டியவள் இறங்கவில்லை. கோட்டையில் பஸ் மாறி, ஆரணிக்கு அழைப்பெடுத்தாள்.

"மிஸ், இப்ப வரலாமா? நாளைக்கு வரைக்கும் என்னால வச்சிருக்க ஏலாது."

வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஆரணியின் வீடு. மேனகா கதவடியிலேயே தொடங்கிவிட்டாள். மீன்கடை, சிங்கள இளைஞன், உம்மா, வலை எல்லாவற்றையும் நின்றபடியே கொட்டினாள். ரயில் போன சத்தத்தில் குரலை உயர்த்தினாளே தவிர நிறுத்தவில்லை. கடைசியில், "பிழை புள்ளைல இல்ல மிஸ். சோதனைலதான்," என்றாள்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய சோதனை என்று உறைத்தது.

ஆரணியின் முகம் இறுகியிருந்தது.

"யாழ்ப்பாணத்தில எத்தினை பாடசாலை ஏறி இறங்கிச் செய்தனான் தெரியுமோ?"

"தெரியும் மிஸ். அங்கத்தப் புள்ளைங்களுக்கு அது சரியா இருக்கும். ஷெரின் மட்டக்குளி. நான் கொட்டாஞ்சேனை. எங்க வீட்டுல அகப்பை இல்ல."

சொன்னதை மேனகா மாற்றவில்லை.

ஆரணி எழுந்து ஜன்னலடிக்குப் போனார். கீழே இருந்த கடையைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது அவருடைய கண்கள் மின்னின.

"நான் இஞ்ச கொழும்பிலதான் இருக்கிறன். கீழ கடைக்குப் போனா நானே மூண்டு பாஷை கதைக்கிறன். என்னெண்டு இது எனக்குத் தெரியாமப் போச்சு? இரும் மேனகா, இரும். முதலிலயிருந்து சொல்லும். ஒண்டும் விடாமச் சொல்லும்!"

இருவரும் மேசையில் தாள்களைப் பரப்பி உட்கார்ந்தார்கள். ஒருவர் பேசி முடிப்பதற்குள் மற்றவர் பேசினார். கேத்தலில் வைத்த தண்ணீர் கொதித்து ஆறியே போனது.

"அப்ப ஷெரினுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை எண்டு எழுதுவமோ?" என்று ஆரணி கேட்டார்.

"ஆமா மிஸ்!"

"கவனம். போன கிழமை எல்லாம் பிழை எண்டனீர். இண்டைக்கு எல்லாம் சரி எண்டுறீர். ரெண்டுமே அவசரம். வடிவாக் கேட்டுப் பாத்தனீரோ?"

மேனகா போனை எடுத்தாள். தாயின் அனுமதியோடு போனில் பதிவு செய்த கதையை மறுபடி போட்டுக் கேட்டார்கள். மூன்றாம் தடவையில்தான் அவளுக்குப் பிடிபட்டது. ஷெரின் 'ச' வருகிற இடத்தில் எல்லாம் 'த' மாதிரி உச்சரித்தாள். "பெரிசு" அவளுடைய வாயில் "பெரிது"வுக்கும் "பெரிசு"வுக்கும் நடுவில் வழுக்கியது. கதையின் சுவாரசியத்தில் மேனகாவின் காது அதைத் தானாகவே திருத்திக் கேட்டிருந்தது.

"பாலர் பாடசாலையில பிள்ளையள் பகிடி பண்ணியிருக்குங்கள். அதுதான் அங்க வாய் திறக்காம இருக்கிறா போல," என்றார் ஆரணி.

"இது கொஞ்ச நாள் பயிற்சில சரியாயிரும் மிஸ்!"

"ஓம். இப்பதான் நீர் ஷெரினைப் பாத்திருக்கிறீர்."

அந்த வாரமே துறைக் கூட்டத்தில் மேனகா பேச வேண்டும் என்று ஆரணி ஏற்பாடு செய்தார். பேராசிரியர் கண்டிப்பானவர், சிங்களவர். "தரப்படுத்திய சோதனையை நினைத்தபடி மாற்ற முடியாது," என்று ஆங்கிலத்தில் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். மேனகா எழுதி வைத்திருந்த பேச்சை மடித்துவிட்டு, ஆமைப் படத்தைத் திரையில் போட்டாள். பிறகு ஷெரினின் குரலை ஓடவிட்டாள்.

"இப்பா!"

பேராசிரியர் தலையாட்டினார். "சரியாகத்தானே சொல்கிறாள்."

"நான் பூச்சியம் போட்டேன் சேர்," என்றாள் மேனகா.

அறையில் யாரோ சிரித்தார்கள். பேராசிரியரும் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் அவர் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அடுத்த பதிலைப் போடுங்கள்," என்றார்.

ஆரணி எழுந்து, தான் செய்த சோதனையைக் கொழும்புப் பிள்ளைகளுக்கு இப்போதைக்கு நிறுத்தி வைக்க வேண்டும் என்று தானே கேட்டார். இங்கத்தைய பிள்ளைகளின் சொற்களைச் சேகரித்துப் புதிதாக ஒன்று செய்யலாம் என்றும், அந்த வேலையை மேனகா முன்னின்று நடத்தட்டும் என்றும் சொன்னார். பேராசிரியர் பல கேள்விகள் கேட்டார். சிலவற்றுக்கு மேனகா பதில் சொன்னாள். மற்றவற்றுக்கு, "தெரியாது சேர், தேடிப் பார்க்கணும்," என்றாள். தெரியாது என்று எல்லார் முன்னாலும் பயமில்லாமல் சொன்னது அதுதான் அவளுக்கு முதல் தடவை. பேராசிரியர் சம்மதித்தார்.

ஷெரினின் அறிக்கை புதிதாக எழுதப்பட்டது. 'ச'வுக்கு விளையாட்டுப் பயிற்சி தொடங்கியது. ஜனவரியில் அவள் சாதாரண முதலாம் ஆண்டு வகுப்பிலேயே சேர்ந்தாள். இரண்டாம் வாரம் தாய் அழைப்பெடுத்து, பிள்ளை பாடவேளையில் அதிகம் கதைக்கிறாள் என்று டீச்சர் முறைப்பாடு சொன்னதாக அறிவித்தாள். அவளுடைய குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

சொல் சேகரிப்பு கொம்பனித்தெருவில் தொடங்கியது. மேனகாவோடு படிக்கும் அம்னாவும் சஜீத்தும் கூட வந்தார்கள். பழைய வீடுகளுக்கு நடுவிலிருந்த முற்றத்தில் பாய் விரித்துப் படங்களைப் பரப்பியதும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். தும்பிப் படத்தைக் கண்டதும் ஆளுக்கொரு பெயர் சொல்லிக் கத்தினார்கள். ஒரு மலாய்ச் சிறுமி தன் வீட்டுச் சொல்தான் சரி என்று அடம்பிடித்தாள்.

"எல்லாத்தையும் எழுதுங்க! ஒண்ணும் விட்டுறாதீங்க!" என்று கூச்சலுக்கு மேலாக மேனகா கத்தினாள்.

"நீர் தும்பிக்கு என்ன சொல்லுவீர்?" என்று பாயின் மறு ஓரத்திலிருந்து ஆரணி கேட்டார்.

மேனகா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் இன்னொரு பிள்ளை படத்தைப் பறித்துக்கொண்டு ஓடியது. அவள் சிரித்துக்கொண்டே அதன் பின்னால் ஓடினாள்.