மூன்று தட்டு, இரண்டு தட்டு

சமூக மனநலச் சேவையின் இயக்குநருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் மூச்சு ஐயா. யார் போய் என்ன குறை சொன்னாலும், "முதல்ல ஆழமா ஒரு மூச்சு இழுங்க" என்பார். ஆள் கேட்டாலும் மூச்சு, வண்டி கேட்டாலும் மூச்சு. இருபது நர்ஸ்களின் வேலையைப் பத்துப் பேர் பார்த்த அந்த அலுவலகத்தில் தட்டுப்பாடில்லாமல் கிடைத்த ஒரே பொருள் அதுதான்.

அன்று அவர் மேசை முன் நின்ற மூத்த நர்ஸ் மூச்சை இழுப்பதாக இல்லை.

"ரேடியோக்காரர் ஃபைலை மூடிட்டீங்களாமே சார்?"

ரேடியோக்காரர் மூன்றாவது மாடியில் தனியாக இருப்பவர். பழைய ரேடியோக்களைப் பழுது பார்ப்பவர். "எந்த ரேடியோவையும் நிறுத்திடுவேன். என் தலைக்குள்ள பேசறதுக்குத்தான் சுவிட்ச் இல்ல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மாதம் ஓர் ஊசி போட்டால் அந்தப் பேச்சு அடங்கும். தவறினால், குழாய்த் தண்ணீரில் விஷம் கலக்கிறார்கள் என்று குழாயை இறுக்கி மூடிவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் கிடப்பார். ஒருமுறை அப்படித்தான் நாக்கு வறண்டு ஸ்ட்ரெச்சரில் போனார்.

"மூணு தடவை ஆள் போயிருக்கு. மூணு தடவையும் கதவு திறக்கல. சேவையில் விருப்பமில்லை. விதி தெளிவா இருக்கு" என்றார் மூச்சு ஐயா.

"போனது மூணும் புது ஆளு. ஒரே நோயாளியை ஒரே நர்ஸ் பாக்கக் கூடாதுன்னு சுழற்சி போட்டது நீங்கதான். மூணு தட்டு, கொஞ்சம் நிறுத்தி ரெண்டு தட்டு. அதுக்குத்தான் அவர் திறப்பார். எட்டு மாசம் வாசல்லயே உக்காந்து நான் சம்பாதிச்ச தட்டு சார் அது."

"ஒரு மூச்சு..."

"ஊசி அஞ்சு நாள் தள்ளிப்போச்சு சார்!"

ஆண்டறிக்கை அட்டைக்கு வீடு தேடிப் போகும் படம் ஒன்று தேவைப்பட்டது. ஆகவே மூச்சு ஐயாவுக்கு இரக்கம் பிறந்தது. புகைப்படக்காரருடன் மூன்று மாடி ஏறினார். கதவை அவரே தட்டினார், வாடகை கேட்க வந்தவர் மாதிரி. உள்ளே எறும்புகூட அசையவில்லை. மறுபடி தட்டினார். தலைமுடியைச் சரிசெய்துகொண்டு மூன்றாவது முறையும் தட்டினார்.

"மூணு ஆயிடுச்சு சார். விதிப்படி உங்களுக்கும் விருப்பமில்லைன்னு எழுதிடலாமா?" என்றாள் நர்ஸ்.

பிறகு அவள் தட்டினாள். சங்கிலி கழன்றது.

"வாங்க தங்கச்சி. யார் யாரோ வந்து தட்டிட்டே இருந்தாங்க. நீங்க எங்க போய்ட்டீங்க?"

ஃபைலை மீண்டும் திறக்கும் தாளில் மூச்சு ஐயாவின் கையெழுத்தை வாங்கிய பிறகே அவரைப் படமெடுக்க விட்டாள். ஊசி போட்டாயிற்று. அட்டைப்படத்தில் மூச்சு ஐயா கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். ஓரத்தில் நர்ஸின் முழங்கை தெரிந்தது.

கதை அதோடு முடிந்திருக்கலாம். மூச்சு ஐயாவுக்கு யோசனை வந்துவிட்டது.

மறுவாரம் சுற்றறிக்கை: இனி எல்லோரும் எல்லா வீட்டிலும் 'நம்பிக்கைத் தட்டு' முறையையே பின்பற்ற வேண்டும். மூன்று, இடைவெளி இரண்டு நொடி, பிறகு இரண்டு. கூட்ட அறையில் வெறும் கதவு ஒன்றை நிறுத்திப் பயிற்சி நடந்தது. சான்றிதழ்கூட உண்டு. மூத்த நர்ஸுக்கு மட்டும் 'முன்னேற்றம் தேவை' என்று எழுதினார்கள். இடைவெளியில் அரை நொடி குறைந்துவிட்டதாம்.

அடுத்த மாத ஊசிக்கு அவள் மாடியேறினாள். தட்டினாள். நிறுத்தினாள். தட்டினாள்.

சங்கிலி கழலவில்லை.

"அண்ணே, நான்தான்."

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க." குரல் கதவுக்கு மிக அருகில் கேட்டது. "இந்த வாரம் மட்டும் ஒம்பது பேர் உங்க தட்டுல வந்தாங்க. ஒருத்தர் வெளிய நின்னு மார்க் சொன்னாரு. உங்க தட்டை எப்படிம்மா எடுத்தாங்க?"

கைபேசித் திரையில் 'பதில் இல்லை: முதல் முறை' என்ற பொத்தான் மின்னியது. அதை அழுத்தாமல் மூச்சு ஐயாவை அழைத்தாள்.

"கதவு திறக்கல சார்."

"அப்ப முறையா தட்டியிருக்க மாட்டீங்க. முதல்ல ஒரு மூச்சு..."

"மூச்சை நீங்களே வச்சுக்குங்க! அந்த மனுஷன் நம்பினது உலகத்துல ஒரே ஒரு சத்தத்தை. அதையும் பிடுங்கி சான்றிதழ் போட்டு வித்துட்டீங்களே!"

கைபேசியை அணைத்து, ஊசிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கதவில் முதுகைச் சாய்த்து வாசற்படியில் உட்கார்ந்தாள். எட்டு மாதம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

"திறக்க வேணாம் அண்ணே. நான் தட்டப்போறதில்ல. சும்மா இங்கதான் இருக்கேன்."

உள்ளே காலடிகள் விலகிப் போயின. பிறகு குழாயை இறுக்கி மூடும் சத்தம் கேட்டது.