பாலத்திற்கும் குச்சிக்கும் ஒரே சொல்

ஞாயிறு பிற்பகற் காட்சி. தோக்கியோ நகரில் இகெபுகுரோவின் அந்தத் திரையரங்கில் ஓரிடமும் காலியில்லை. நரியும் சிறுமியும் பாலத்தின் இரு முனைகளில் நின்று பிரிகின்ற கட்டம் வந்ததும், தோமோயோ தன் கைப்பையை இறுகப் பற்றிக்கொண்டாள். முடிவுப் பாடல் தொடங்கிற்று. இடையில் இசை ஒரு கணம் நின்றது, பாடகி நாகிசாவின் குரல் மட்டும், பாடாமல், பேசிற்று: "அந்த ஹாஷியில காத்திருப்பேன்."

முன்வரிசைக் குழந்தைகள் கொல்லென்று சிரித்தனர்.

"அம்மா, குச்சி மேல காத்திருப்பாளாம்!"

"உஷ், பேசாம பாருடா!" என்ற தாயும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஹாஷி என்பது பாலத்தையும் குறிக்கும். உண்ணும் குச்சிகளையும் குறிக்கும். தோக்கியோவில் இரண்டாம் எழுத்தை உயர்த்தினால் பாலம், முதலெழுத்தை உயர்த்தினால் குச்சி. ஒசாகாவில் இது தலைகீழ். தோமோயோ ஒசாகாவில் பிறந்தவள். பதினெட்டு ஆண்டுத் தலைநகர் வாழ்க்கை அவள் நாவிலிருந்து ஊரை முற்றிலும் துடைத்துவிட்டது, இந்த ஒரு சொல்லைத் தவிர.

ஆனால் நாகிசா வடகோடியிலுள்ள ஹகோதாதே ஊர்க்காரி. அவள் வாய்க்கு ஒசாகா எப்படி வந்தது என்பதைத் திரையரங்கில் அறிந்திருந்தவள் தோமோயோ ஒருத்தியே. மாதிரிக் குரல் கொடுப்பது தோமோயோவின் தொழில். இசையமைப்பாளரின் புதிய பாட்டை முதலில் அவள் பாடுவாள். புகழ்பெற்ற பாடகி அதைக் கேட்டுக் கற்றுப் பாடுவாள். பின்னர் முதற்குரலை அழித்துவிடுவார்கள். அவள் பெயர் எங்கும் அச்சாகாது. இந்தப் பாட்டையும் ஏப்ரலில் அவள்தான் பாடினாள். நாகிசா எங்கே மூச்செடுக்கிறாள், எங்கே குரலைத் தேய்க்கிறாள் என்பதெல்லாம் தோமோயோவுக்கு முன்கூட்டியே தெரியும். அவை அவளுடையவை.

வாயிலில் ஒவ்வொருவருக்கும் நரி முத்திரையிட்ட மரக்குச்சி இரண்டைப் பரிசாகக் கொடுத்தார்கள். ரசிகர்கள் அந்த உச்சரிப்பைக் கொண்டாடியதால் இந்த வாரப் பரிசு இதுவாயிற்று. வானொலியில் இதுபற்றிக் கேட்டபோது, "பாடும்போது எனக்குப் பயங்கரப் பசிங்க!" என்று நாகிசா சொன்னாளாம், நாடே சிரித்தது. இதே தவறு தன் பெயரால் வெளிவந்திருந்தால் மறுநாளே வேலை போயிருக்கும் என்று தோமோயோ எண்ணினாள். தன் வாயில் பிழையாக இருப்பது நாகிசாவின் வாயில் அழகாகிவிடுகிறது. குச்சிகளை அவள் எறிந்துவிடவில்லை. அன்றிரவு உணவை அவற்றாலேயே, வேண்டுமென்றே, உண்டாள்.

மறு வாரமே ஒலிப்பதிவு இயக்குநர் குசே அடுத்த பாட்டுக்கு அழைத்தார். தோமோயோ பாடினாள். ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் நின்றது. ஒவ்வொரு சொல்லும் தோக்கியோ அகராதிப்படி ஒலித்தது. ஆனால் தேய்வு இல்லை, தயக்கம் இல்லை, மூச்செடுக்கும் ஓசைகூட இல்லை.

"உடம்பு கிடம்பு சரியில்லையா, தோமோயோ-சான்?"

"ராகமும் வார்த்தையும்தானே கேட்டீங்க? ரெண்டும் இருக்கு, எடுத்துக்குங்க."

மூன்றாம் நாள் மீண்டும் வரச்சொன்னார்கள். பாடும் அறையில், பாட்டு வரித்தாளும் பென்சிலுமாக நாகிசா அமர்ந்திருந்தாள். இருவரும் நேரில் காண்பது இதுவே முதன்முறை. நாகிசா எழுந்து ஆழக் குனிந்து வணங்கினாள். வயது இருபத்தொன்று, அதுவும் தோமோயோவுக்குப் பொறுக்கவில்லை.

"இந்தப் பதிவை வச்சு என்னால கத்துக்க முடியல. இதுல ஆளே இல்லைங்க."

"ஏன், பசிக்கலையோ?"

நாகிசாவின் காது சிவந்தது. "அது ஆபீஸ்ல எழுதிக் கொடுத்த பதில். ஒசாகா உச்சரிப்புன்னு எனக்கு அப்பவே தெரியும். குசே-சான் மாத்தச் சொன்னார், நான்தான் மாட்டேன்னுட்டேன்."

"எதுக்கு?"

"நீங்க சொன்னதைக் கேட்டப்ப நிஜமாவே யாரோ அங்க நின்னு காத்திருக்கிற மாதிரி இருந்துச்சு. நான் சொன்னா வெறும் பாலமாத்தான் இருந்துச்சு."

அறியாமல் எடுத்தாள் என்றே தோமோயோ இதுகாறும் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையில் ஓர் ஏளன சுகம் இருந்தது. இவளோ அறிந்தே, ஆய்ந்தே எடுத்திருக்கிறாள். நல்ல செவியும் இவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று அவள் வயிறு எரிந்தது.

"மறுபடி பாடுறேன். ஆனா உங்க பாட்டுக்குப் பின்னால பின்குரலா என் குரல் அழியாம இருக்கணும். இசைத்தட்டுல என் பேரும் இருக்கணும்."

"குசே-சான் ஒத்துக்க மாட்டாரே…"

"உச்சரிப்புக்கு மட்டும் அவர்கிட்ட மல்லுக்கு நிக்கத் தெரிஞ்சுதா?"

நாகிசா பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தாள். பின்னர்க் கண்ணாடிக்கு அப்பாலிருந்த குசேயுடன் பேசும் பொத்தானை அழுத்தினாள்.

"குசே-சான், பின்குரல் தோமோயோ-சானோடது. பேரும் போடணும். இல்லன்னா நான் இதைப் பாடல."

கண்ணாடிக்குப் பின்னே குசே தலையைச் சொறிந்தார். தேநீர்க் கோப்பையை எடுத்தார், குடிக்காமலே வைத்தார். "சரி, போட்டுடலாம். சின்ன எழுத்துலதான். ரெண்டு பேரும் சேர்ந்து என் உயிரை வாங்காதீங்க."

தோமோயோ ஒலிவாங்கியின்முன் நின்றாள். இம்முறை ஒன்றையும் ஒளிக்காமல் பாடத் தொடங்கினாள். நாகிசா கண்களை மூடிக் கேட்டாள். தோமோயோ மூச்செடுத்த இடந்தோறும் வரித்தாளில் சிறு குறியிட்டாள். அவள் விரல்கள் ஒரு குறியையும் தவறவிடவில்லை. இன்னும் ஒரு திங்களில் இம்மூச்சுகள் எல்லாம் நாகிசாவின் மூச்சுகளாகிவிடும். தன் பெயர் சின்ன எழுத்தில், பட்டியலின் அடியில் இருக்கும்.

கடைசி வரி வந்தது. அதன் நடுவில்தான் நெஞ்சு காற்றுக்கு ஏங்கும். அங்கே மூச்செடுத்தால் அந்தச் சொல் உடைந்து, கேட்பவர் கண் கலங்கும் என்பதைத் தோமோயோ அறிவாள். பென்சில் முனை தாளின்மேல் காத்து நின்றது.

தோமோயோ மூச்செடுக்கவில்லை. அந்த ஒன்றை மட்டும் தனக்கென வைத்துக்கொண்டு, விலா நோக, வரி முடியும்வரை ஒரே காற்றில் பாடி முடித்தாள்.