வெள்ளிக்கிழமை பாடாத ரேடியோ

செவ்வந்திலிங்கம் பிள்ளை வீட்டில் ரேடியோ கிடையாது. பாலக்கரையில் இது எல்லோருக்கும் தெரியும். சீட்டுக்கட்டைத் தொடாதவர், ஓட்டலில் சாப்பிடாதவர் என்பது போல, ரேடியோ வாங்காதவர் என்பதும் அவருடைய பெருமைகளில் ஒன்று.

"முன்பின் தெரியாத ஆம்பளை என் வீட்டுக்குள்ள பேசறதுக்கு நான் பணம் குடுத்துப் பொட்டி வாங்கணுமாக்கும்?" என்பார்.

ஆனால் 1958ஆம் வருஷம் வைகாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு ரேடியோ இருந்தது. அது பக்கத்து வீட்டு பஷீர் அகமதுவின் ரேடியோ.

காரணம், அமிர்தம். பிள்ளைக்கு ஒரே மகள், இருபத்து நாலு வயது. அவளைப் பார்க்க இரண்டு இடத்தார் வந்தார்கள், பஜ்ஜி நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள், அதோடு சரி. மூன்றாவதாக வரப்போகிறவர் ஸ்ரீரங்கம் மாத்ருபூதம் பிள்ளை. சித்திரை வீதியில் சொந்த வீடு, பையனுக்குக் கூட்டுறவு பாங்கியில் வேலை.

"அவங்க வீட்ல ரேடியோ இருக்காம்" என்று பிள்ளையின் மனைவி வள்ளிக்கண்ணு ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். "நம்ம கூடத்தைப் பாத்தா கல்யாணச் சத்திரம் காலி பண்ணின மாதிரி இருக்கு."

பிள்ளை சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது பெண்கள் செய்துகொண்ட ஏற்பாடு. ஆகவே அவர் இரவல் வாங்கியதாக ஆகாது. பஷீர் அகமதுவே பெட்டியைத் தோளில் சுமந்து வந்து முக்காலியின் மேல் வைத்துவிட்டுப் போனார். அமிர்தம் பின்னிய மயில் துணியை வள்ளிக்கண்ணு அதன் மேல் போர்த்தினாள்.

பெட்டிதான் வந்தது, ஏரியல் கம்பி வரவில்லை. அது பஷீர் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு மூங்கில்களுக்கு நடுவே கட்டிக் கிடந்தது. அது இல்லாவிட்டால் பெட்டி கரகரக்குமே தவிரப் பாடாது. பாடச் சொல்லி யார் கேட்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டார்கள்.

மாத்ருபூதம் பிள்ளை கேட்டார். கேசரியை முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, "பொட்டி நல்லா இருக்குங்களே! வைங்க, நாகஸ்வரம் வர்ற நேரம்தான்" என்றார்.

காபித் தட்டோடு வந்த வள்ளிக்கண்ணு பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை அசையவில்லை. நிமிர்ந்த முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினார்.

"மன்னிக்கணும். வெள்ளிக்கிழமையில நம்ம வீட்ல ரேடியோ வைக்கிறதில்லீங்க. தாத்தா காலத்துலேர்ந்து வர்ற வழக்கம்."

அந்தத் தாத்தா இறந்தபோது இந்த ஜில்லாவிலேயே ரேடியோ கிடையாது. அந்தக் கணக்கைக் கூடத்தில் ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை. மாத்ருபூதம் பிள்ளை கோயில் வாசலில் நிற்பவர் போலத் தலையசைத்தார். நாலாம் நாள் கடிதம் வந்தது. பெண் பிடித்திருக்கிறது, உங்கள் குடும்பத்தின் ஒழுங்கு அதைவிடப் பிடித்திருக்கிறது, மாதக் கடைசிப் புதன்கிழமை நேரில் வந்து தாம்பூலத் தேதி குறித்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்.

அந்தப் புதன்கிழமைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் வினை வந்தது.

ஞாயிறு மாலைதோறும் ரேடியோவில் 'குப்புமுத்து குடும்பம்' என்று ஒரு சிரிப்பு நாடகம் வரும். வாராவாரம் குப்புமுத்து ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொண்டு முழிப்பார். பிள்ளை ரேடியோ கேட்பதில்லை. ஆனால் ஞாயிறு மாலையில் அவருடைய நாற்காலி பஷீர் வீட்டுச் சுவரை ஒட்டியே கிடக்கும். அது காற்று வரும் இடம்.

அன்றைக்குக் குப்புமுத்துவின் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். குப்புமுத்து ஒரு ரேடியோவை இரவல் வாங்கி வைத்திருந்தார். பாடச் சொன்னார்கள். "செவ்வாய்க்கிழமை எங்க வீட்ல ரேடியோ பாடாதுங்க, பாட்டன் காலத்து வழக்கம்" என்றார் குப்புமுத்து. "உங்க பாட்டன் காலத்துல ரேடியோவே இல்லையே மாமா!" என்றது ஒரு குரல். சுவருக்கு அந்தப் பக்கம் பஷீரின் குடும்பமே சிரித்தது. பஷீர் மட்டும் சிரித்த மாதிரி தெரியவில்லை.

பிள்ளை நேராகப் போய்க் கதவைத் தட்டினார்.

"பஷீரு, என் வீட்டு விஷயம் ரேடியோவுக்கு எப்படிப் போச்சு?"

"அண்ணே, உள்ள வாங்க, ஒரு டீ..."

"நான் டீ கேக்கல."

பஷீர் அகமதுவுக்குப் பெரிய கடைவீதியில் அத்தர்க் கடை. "கடைக்கு ஜவ்வாது வாங்க வந்தாருண்ணே, ஒரே ஒருத்தரு. சுவர் வழியா காதுல விழுந்ததை அவர்கிட்டதான் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு. நாடகம் எழுதறவருன்னு எனக்கு என்னாண்ணே தெரியும்? அல்லா மேல ஆணையா உங்க பேரைச் சொல்லல. பாருங்க, கெழமையக்கூட மாத்திட்டாரு. மரியாதப்பட்ட மனுஷன்."

"மரியாதை!"

"எனக்கே வெள்ளிக்கெழமைதானே ஜும்மா? எங்க வீட்லயே பொட்டி பாடுது. உங்க தாத்தாவுக்கு மட்டும் எப்படிண்ணே..."

பிள்ளை மேற்கொண்டு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து நாற்காலியைச் சுவரிலிருந்து எடுத்து எதிர்ப்பக்கம் போட்டார். காற்று அங்கே வரவே வராது.

புதன்கிழமை வள்ளிக்கண்ணு ரவா லட்டு பிடித்து வைத்துக் காத்திருந்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்து யாரும் வரவில்லை. கடிதமும் இல்லை. வியாழன், வெள்ளி, சனி போயின. லட்டை அமிர்தம் தெருக் குழந்தைகளுக்குக் கொடுத்துத் தீர்த்தாள்.

"அவங்களும் நாடகம் கேட்டிருப்பாங்க" என்றாள் வள்ளிக்கண்ணு.

பிள்ளை விசிறியை எடுத்து வீசிக்கொண்டார். மகளின் கல்யாணம் ஒரு ஜவ்வாது டப்பாவோடு போய்விட்டது என்பதை எந்த வாயால் சொல்வது?

மறு ஞாயிறு மாலை அவரால் வீட்டில் உட்கார முடியவில்லை. சுவர்ப் பக்கம் போகவும் மனமில்லை. ஊர் என்ன பேசுகிறது என்று தெரிந்தாக வேண்டும். முனிசிபாலிட்டி பூங்காவுக்குப் போனார். அங்கே கம்பத்தில் ஒலிபெருக்கி கட்டி எல்லோருக்கும் ரேடியோ வைப்பார்கள். புல்தரையில் நல்ல கூட்டம். பிள்ளை ஒரு சிமெண்டு பெஞ்சியின் ஓரத்தில், தோள் துண்டு கசங்காமல் உட்கார்ந்தார்.

"போன வாரத்து குப்புமுத்து கேட்டியாய்யா? பாட்டன் காலத்து ரேடியோ!" என்றார் பக்கத்தில் இருந்த ஒரு தையல்காரர்.

"அது கற்பனை இல்லீங்க. நெஜமா நடந்தது. ஆள் யாருன்னே எனக்குத் தெரியும்" என்றார் கடலை கொறித்துக்கொண்டிருந்தவர்.

பிள்ளையின் காது சுட்டது.

"யாரு?" என்றார் தையல்காரர்.

"என் சகலைதான். தஞ்சாவூர்ல இருக்கான். இதே மாதிரி கடியாரம் இரவல் வாங்கி மாட்டி, அது ஓடாம நின்னு போய்..."

"அட போங்க, இது அப்படியே எங்க மாமனாரு. என் பொஞ்சாதி நாடகம் கேட்டுட்டு ரெண்டு நாளா என்கூடப் பேசல, நான்தான் எழுதிப் போட்டேன்னு!" என்றார் இன்னொருவர்.

ஆளாளுக்கு ஒரு மாமனார், ஒரு பெரியப்பா என்று கொண்டுவந்தார்கள். பாலக்கரைப் பெயரை யாரும் எடுக்கவில்லை. பிள்ளைக்கு உயிர் வந்தது. வந்த உயிரோடு கூடவே ஒரு வருத்தமும் வந்தது. அந்த நெருக்கடியில், அவ்வளவு பேர் முன்னால், கண் இமைக்காமல் ஒரு வழக்கத்தை உண்டாக்கியவர் அவர். பேர் வாங்குகிறவன் தஞ்சாவூரில் எவனுடைய சகலையோ.

அப்போது நாடகத்துக்கு முன்னால் நேயர் கடிதங்களை வாசித்தார்கள். வையம்பட்டியிலிருந்து லூர்துராணி என்பவர், நாடகம் பிரமாதம், ஆனால் குப்புமுத்துவின் மனைவியைப் பேசவே விடவில்லை, அடுத்த வாரமாவது பேச விடுங்கள் என்று எழுதியிருந்தார். இன்னொருவருக்கு வேறு குறை. இந்த நாடகத்துக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரர் எதைக் கேட்டாலும் இரவல் தர மறுக்கிறாராம். பூங்கா சிரித்தது.

"அடுத்த கடிதம் ஸ்ரீரங்கத்திலிருந்து. எழுதியவர் திரு. மாத்ருபூதம் பிள்ளை."

பிள்ளை பெஞ்சியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"குப்புமுத்து பொய்யர், சிரிக்கலாம். ஆனால் வாரத்தில் ஒரு நாள் வானொலியை நிறுத்தி வைக்கும் வழக்கம் பொய்யல்ல. திருச்சியில் எனக்குத் தெரிந்த கண்ணியமான குடும்பம் ஒன்று அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறது. அதைக் கேட்டது முதல் எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை வானொலி வைப்பதில்லை. நல்ல வழக்கத்தைக் கேலிப் பொருளாக்கியதைக் கண்டிக்கிறேன்."

"யாரோ பெரிய மனுஷன் போலிருக்கு" என்றார் தையல்காரர்.

வீட்டுக்கு வந்து பிள்ளை சொன்னதைக் கேட்டு வள்ளிக்கண்ணு சாமி மாடத்தில் விளக்கேற்றினாள். அமிர்தம் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்பா, நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிடுங்க. என்னிக்காவது தெரியத்தான் போகுது. அன்னிக்கு அந்த வீட்ல நின்னு பதில் சொல்ல வேண்டியவ நான்."

பிள்ளையால் எப்படித் தேடியும் அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

"சொல்லிடறேன்" என்றார்.

திங்கட்கிழமை காலை பஸ் ஏறினார். காவேரிப் பாலத்தைத் தாண்டும்வரை சொல்ல வேண்டியதை மனதுக்குள் நாலு முறை சொல்லிப் பார்த்தார். நாலு வாக்கியம்தான். கஷ்டமாக இல்லை.

மாத்ருபூதம் பிள்ளை வாசலுக்கே ஓடி வந்தார். "வாங்க சம்பந்தி! புதன்கிழமை வரலேன்னு கோவமா? உங்க வழக்கத்தை அப்படிக் கேலி பண்ணினப்புறம் எந்த முகத்தோட வர்றது? என் கடிதத்தை வாசிக்கட்டும், அப்புறம்தான் பாலக்கரை வாசல் மிதிக்கிறதுன்னு இருந்தேன்."

கூடத்தில் வீதிக்காரர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். "இவங்க வீட்லயும் வெள்ளிக்கிழமை நிறுத்தியாச்சு. ஆனா வீட்ல பசங்க காரணம் கேக்குதுங்களாம். எனக்குச் சொல்லத் தெரியல. நீங்கதான் சொல்லணும்."

மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார்கள். பிள்ளை அந்த நாலு வாக்கியத்தில் முதல் வாக்கியத்தைத் தேடினார். பஸ்ஸில் இருந்தது. இப்போது இல்லை. முதுகு தானாக நிமிர்ந்தது.

"வாரத்துல ஒரு நாளாவது வீட்ல வீட்டுக்காரங்க குரல் கேக்கணும். எங்க தாத்தா சொன்னது அவ்வளவுதாங்க."

மாத்ருபூதம் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனி இருபதாம் தேதி தாம்பூலம் என்று அங்கேயே முடிவாயிற்று. வர்ற புதன்கிழமை குடும்பத்தோடு வருவதாகவும் சொன்னார். "புதன்கிழமைதானே? உங்க வீட்ல உக்காந்து ரேடியோ கச்சேரி கேட்டுட்டே வர்றோம்."

பிள்ளை வீடு திரும்பிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது அமிர்தம் வந்து நின்றாள்.

"சொன்னீங்களாப்பா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"காரணம் ரொம்ப நல்லா இருக்குன்னாங்க."

அமிர்தத்துக்குப் புரிந்துவிட்டது. கோபப்படப் பார்த்தாள். உதடு சொன்னபடி கேட்கவில்லை.

"சரி. வெள்ளிக்கிழமை ஆச்சு. மத்த ஆறு நாளுக்கு என்னப்பா பண்ணப்போறீங்க?"

செவ்வந்திலிங்கம் பிள்ளை மாட்டிய சட்டையை மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"செருப்பைப் போட்டுக்கிட்டு வா. எந்தப் பொட்டி நல்லதுன்னு எனக்குத் தெரியாது."