ஊமைப்படத்தில் பேசியவள்

சுகிர்தாவுக்குக் காது மந்தமாகி வெகுகாலம் ஆகிவிட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தகடு அடிக்கும் கம்பெனியில், பிரஸ் மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்று வயதைக் கழித்தவளுக்குக் காது மிஞ்சியிருந்தால்தான் ஆச்சரியம். அங்கே யாரும் கத்திப் பேசுவதில்லை, கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். இந்த மெஷினில் நிற்பவள் அந்த மெஷினில் நிற்பவளிடம் மாமியார் கதை முழுவதையும் சத்தமில்லாமல் சொல்லி முடிப்பாள். சூப்பர்வைசர் திரும்பினால் எல்லா வாயும் மூடியிருக்கும். இதில் ஒரு கோளாறு உண்டு. எதிரில் இருப்பவளின் புது மூக்குத்தியோ அழுது வீங்கிய கண்ணோ தெரியாது, உதடு மட்டும்தான் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் பார்த்துவிட்டு, "இன்னாடி மூஞ்சி இப்படி இருக்குது" என்று கேட்பார்கள். காலையிலிருந்து அவளோடுதான் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்.

அவளுடைய ஒரே மகள் ஜெபா. புதுவாயல் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கப் போனவள், அங்கேயே ஜெகனைப் பார்த்துப் பிடித்துப் போய்விட்டாள். ஜெகன் எளாவூருக்கு உள்ளே தள்ளி நெல்வயல் வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். அந்த வயலில்தான் ஒரு காலத்தில் சுகிர்தாவின் சனங்கள் கூலிக்கு நாற்று நட்டார்கள். காலனிப் பெண், அதிலும் வேதக்காரப் பெண் என்று ஜெகனின் அப்பா குப்புராஜ் வெகுநாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு மகன் சோறு தண்ணி இல்லாமல் கிடந்ததைப் பார்த்துச் சரி என்றார். ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். அவர் வாயிலிருந்து வந்த அந்தச் "சரி"யைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி கையில் ஏந்திக்கொண்டுதான் சுகிர்தா நடமாடினாள். புருஷன் எபினேசர் இருந்திருந்தால் பாதிப் பாரம் அவனுடையதாக இருந்திருக்கும். அவன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டில் விருந்து. சாப்பிட்டு முடித்ததும் ஜெகன் டிவியில் ஒரு படம் போட்டான். ஊமைப்படக் காலத்துப் படமாம். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கிடங்கில் ஒரு ரீல் மட்டும் கிடைத்ததாம். பழைய படங்களைத் தேடித் திரிகிற ஒருவர், இந்த வீடும் இந்த ஏரியும் அதில் இருப்பதைக் கண்டுபிடித்து இவர்களுக்கும் ஒரு காப்பி அனுப்பியிருந்தார்.

குப்புராஜுக்குப் பெருமை பிடிபடவில்லை. "எங்க தாத்தாதான் வண்டி, மாடு, ஆளு அம்பு அத்தனையும் குடுத்து எடுக்க வச்சாரு. அதோ பாரு, நம்ம ஊடு."

கதை என்னவோ அரதப் பழசு. பண்ணையார் மகனுக்கு நாற்று நடுகிற பெண்மேல் காதல். அப்பன் மறுக்கிறான். மகன் மாமரத்தில் சாய்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறான். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது, ஜெபா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் அந்தப் பெண் ஏரியில் இறங்குகிறாள். கரையில் கல் மதகு தெரிகிறது. முதுகைக் காட்டியபடி இடுப்பளவு தண்ணீர்வரை போகிறாள், நின்று திரும்புகிறாள், ஏதோ பேசுகிறாள். உடனே எழுத்து வருகிறது: "என் உயிரே, அடுத்த பிறவியிலாவது சேர்வோம்." அப்புறம் வெறும் தண்ணீர். அந்தத் தண்ணீரை வெகுநேரம் காட்டிக்கொண்டே இருந்தார்கள்.

எல்லாரும் எழுத்தைப் படித்தார்கள். சுகிர்தா உதட்டைப் படித்தாள்.

"ஆண்டே, காலு எட்டல. கயித்த வுடாதீங்க ஆண்டே."

பண்ணையாரை ஆண்டே என்று கூப்பிடும் வழக்கம் சுகிர்தாவின் காலத்தில் இல்லை. செத்துப்போன மாமனார், அந்தக் காலத்தில் இப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக் காட்டியதோடு சரி.

"அந்தப் பொண்ணு யாருங்க?" என்று கேட்டாள்.

"கதாநாயகி வடக்கத்திப் பொம்பள. தண்ணின்னா பயமாம்" என்றார் குப்புராஜ். "அதனால நம்ம வயல்ல வேல செஞ்ச பொண்ணு ஒண்ண அந்தப் பொடவைய கட்டி எறக்குனாங்களாம். யாரு எவருன்னு தெரியல. அதுக்கப்புறம் இந்தப் பக்கமே காணோம்னு சொல்வாங்க."

பிறகு அவராகவே டிவியைக் கையால் காட்டினார். "அந்த மதகாண்டதான் நாங்க வருசா வருசம் கயிறு போடறது. ஆடி கடைசி வெள்ளில புதுக் கயிறா வாங்கி, ஒரு மொனைய தண்ணில வீசிட்டு, கையில இருக்கறதையும் வுட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரணும். எங்க தாத்தா காலத்துலருந்து இருக்குது. ஏரி ஒடைக்காம இருக்கக் கட்டுக்கயிறுன்னு சொல்லுவாங்க."

கயிற்றை வீசிவிட்டு, விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வருவது. சுகிர்தா டிவியிலிருந்து கண்ணை எடுத்து அவர் கையைப் பார்த்தாள்.

அப்போதுதான் ஜெகன் தன் யோசனையைச் சொன்னான். கல்யாணத்துக்கு முந்தின ஷூட்டை இதே படம் மாதிரி எடுக்கப் போகிறானாம். இதே ஏரி, இதே மதகு, கறுப்பு வெள்ளை. ஜெபா தண்ணீரில் இறங்குவாள், ஆனால் இந்தக் கதையில் ஜெகன் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்துவிடுவான். கேட்கிறவர்களுக்கு நல்ல யோசனைதான். ஜெபாவின் முகத்தில் பல்பு எரிந்தது.

சுகிர்தா அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உங்கள் தாத்தா ஒரு பெண்ணை மூழ்கடித்து அதைப் படமாக ஓட்டவும் விட்டார் என்று சம்பந்தி வீட்டு நடுக்கூடத்தில் எப்படிச் சொல்வது? சொன்னால் கல்யாணம் நிற்கும். சொல்லாவிட்டால் மகள் அந்தத் தண்ணீரில் இறங்குவாள். நடுவில் ஒரு வழி இருக்கும் என்று பயந்தாங்கொள்ளிகள் எல்லாரும் நினைப்பதுபோல அவளும் நினைத்தாள்.

ஜெகனைத் தனியாகப் பிடித்து, அந்தப் பெண் ஏதோ பேசுகிறாளே, கவனித்தாயா என்று கேட்டுப் பார்த்தாள். "அந்தக் காலத்துல சும்மா வாய அசைப்பாங்க அத்தை, சவுண்டா இருக்குது, கேக்கறதுக்கு?" என்று சிரித்தான். ஜெபாவிடம் தண்ணீர் மட்டும் வேண்டாமென்றாள். "ஆடி மாசத்துல ஏரில இன்னாம்மா தண்ணி இருக்குது, இடுப்பளவுகூட வராது. நீ ஒண்ணு, எதுக்கெடுத்தாலும் பேஜார் பண்ணிக்கினு" என்று மகள் எழுந்து போய்விட்டாள்.

படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டாள். தான் தப்பாகப் படித்திருக்க வேண்டும் என்ற ஆசையில்தான் திரும்பத் திரும்பப் பார்த்தாள். வார்த்தை மாறவில்லை. ஆனால் முதலில் அந்தப் பெண் கரையில் யாரையோ பார்த்துப் பேசியது நன்றாக நினைவிருந்தது. போகப் போக அவளுடைய பார்வை நேராகச் சுகிர்தாவின் மேலேயே இருந்தது. பின்னொரு நாள் கம்பெனியில், எண்ணெய் பூசிய தகட்டை மெஷினுக்குள் தள்ளும்போது, அந்தப் பளபளப்பில் ஒரு வாய் அசைந்தது. தன் வாய்தானோ என்று உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது.

ஆடிக் கடைசி வெள்ளியன்று காலை எல்லாரும் ஏரிக்குப் போனார்கள். ஷூட்டும் அன்றைக்குத்தான், கயிறு போடுவதும் அன்றைக்குத்தான், ஒரே நடையாக முடித்துவிடலாம் என்று குப்புராஜ் தோளில் புதுக் கயிற்றுச் சுருளோடு வந்திருந்தார். தூரத்தில் நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஏரி வற்றி, கரையோரம் வெடித்துக் கிடந்தது. மதகடியில் மட்டும் தண்ணீர் கறுத்து நின்றது. மற்ற இடத்தில் கொக்கு இருந்தது, அங்கே ஒன்றுகூட இல்லை.

போட்டோ எடுக்க வந்த சாம்சன் சுறுசுறுப்பான ஆள். காமிராவையும் வெளிச்சத்துக்கான வெள்ளைக் குடையையும் கரையில் நிறுத்தி, ஒரு ஸ்பீக்கரில் வீணையை அலறவிட்டு, ஜெபாவுக்குப் பாடம் நடத்தினான். "முதுகு காட்டியே போங்க சிஸ்டர். நான் கொடைய தூக்கிக் காட்டுனா மட்டும் திரும்புங்க. திரும்பி சும்மா எதுனா வாய அசைங்க, படத்துல மாதிரி. ஏபிசிடி சொன்னாகூட ஓகே."

ஜெபா பழைய மாதிரிச் சேலையில் இறங்கினாள். முழங்கால், தொடை, இடுப்பு. சுகிர்தா குப்புராஜின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபம் பண்ண வாயெடுத்தால் ஒரு வசனமும் நினைவுக்கு வரவில்லை.

ஜெபா நின்றாள். திரும்பினாள். அவள் உதடு அசைந்தது.

"காலு எட்டல. கயித்த வுடாதீங்க."

சுகிர்தா அலறினாள். வீணைச் சத்தத்தில் அது எடுபடவில்லை. சாம்சன் காமிராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஜெகன் தன் முறைக்காக வேட்டியை மடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றான். குப்புராஜ் அந்த நேரம் பார்த்துக் கயிற்றின் ஒரு முனையைத் தண்ணீரில் வீசிவிட்டு, கையிலிருந்ததை விடப் போனார். சுகிர்தா பாய்ந்து அவர் கையைக் கயிற்றோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தாள். அந்த வீட்டு ஆண் ஒருவரின் கையை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை.

"வுடாதீங்க. எம்பொண்ணு முழுவுறா, வுடாதீங்க."

அவர் ஏரியைப் பார்த்தார். ஜெபாவின் தலை தெரியவில்லை, சேலையின் நுனி மட்டும் மிதந்தது. அப்பா வீசிய முனையை ஜெகன் எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு குதித்தான். கறுத்த தண்ணீருக்குள் அவனும் மறைந்தான். அவர் இழுத்தார், சுகிர்தாவும் இழுத்தாள், சாம்சனும் ஓடிவந்து இழுத்தான். இருவரும் சேறும் பாசியுமாய்க் கரைக்கு வந்து விழுந்தார்கள். ஜெபா தண்ணீரைக் கக்கி, இருமி, மூச்சு வாங்கினாள். சுகிர்தா அவளை மடியில் போட்டுக்கொண்டு கன்னத்தில் ஓர் அறை விட்டாள், பிறகு அதே கன்னத்தில் முத்தமும் கொடுத்தாள். ஜெகன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துப் போட்டான்.

"அங்க பள்ளம்மா" என்றாள் ஜெபா. "திடீர்னு தரையே இல்ல. கத்தக்கூட முடியல. நீ எப்படிப் பாத்த?"

"நீதானே திரும்பிச் சொன்ன, காலு எட்டலன்னு."

"நான் எங்கம்மா திரும்புனேன்? அவரு கொடையே தூக்கலியே."

பயத்தில் உளறுகிறாள் என்று சுகிர்தா நினைத்தாள். சாம்சன் காமிராவைக் கழற்றிக்கொண்டு வந்து, எடுத்ததைப் போட்டுக் காட்டினான். ஜெபாவின் முதுகு. ஜெபாவின் கொண்டை, அதில் மல்லிகை. அவள் நடந்தாள், நின்றாள், அப்படியே கீழே போனாள். முதுகு முதுகாகவே இருந்தது. கரைப் பக்கம் அவள் முகம் ஒரு நொடிகூட வரவில்லை.

சுகிர்தா தான் பார்த்ததை மறுபடி மனதில் ஓட்டிப் பார்த்தாள். முகம் எப்படி இருந்தது? மூக்கு, கண், நெற்றி? ஒன்றும் நினைவில் இல்லை. அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்ததெல்லாம் உதட்டை மட்டும்தான். அந்த உதடு முதலில் சொன்ன வார்த்தை ஒன்று உண்டு, மகள் என்ற பதற்றத்தில் அதை விழுங்கியிருந்தாள். ஜெபாவின் வாயில் பிறந்ததிலிருந்து வந்திராத வார்த்தை அது: ஆண்டே.

இனிமேல் மறைத்து என்ன ஆகப் போகிறது? அவள் குப்புராஜ் பக்கம் திரும்பினாள்.

"படத்துல அந்தப் பொண்ணு பேசுறது நான் முன்னாடியே படிச்சிட்டேங்க. ஆண்டே, காலு எட்டல, கயித்த வுடாதீங்கன்னு சொல்லுது. உங்க தாத்தாவப் பாத்துதான் சொல்லுது. அவரு வுட்டுட்டாரு. வருசா வருசம் நீங்களும் வுட்டுட்டு வர்றீங்க. இத சொன்னா கல்யாணம் நின்னுரும்னு வாய மூடிக்கினு எம்பொண்ண எறங்க வுட்டேன். நிக்கறதா இருந்தா நிக்கட்டும்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ மதகுக்கல்லில் காலை ஊன்றி, நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கை நரம்பு புடைத்திருந்தது. ஜெகன் அவிழ்த்துப் போட்ட முனை சரிவில் வழுக்கித் தண்ணீருக்குள் போயிருந்தது. மறுமுனை இன்னும் அவர் கையில்தான் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் கயிறு தொய்ந்து கிடக்கவில்லை, விறைத்து நின்றது.

"நைனா, போதும், வுட்டுட்டு வா" என்றான் ஜெகன்.

குப்புராஜ் மகனைப் பார்க்கவில்லை, சுகிர்தாவைத்தான் பார்த்தார். உதடு அசைந்தது. வீணை இன்னும் அலறிக்கொண்டிருந்தது, மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது.

"கனமா இருக்குதும்மா."

சுகிர்தா மகளின் தலையை ஜெகன் மடியில் எடுத்து வைத்தாள். எழுந்து போய் அவருக்கு முன்னால் நின்று, ஈரக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தாள். தண்ணீருக்குள்ளிருந்து யாரோ பிடி மாற்றிப் பிடிப்பது கையில் தெரிந்தது.

"வுடாதீங்க" என்றாள். "இழுங்க."