பீளமேட்டுப் பல் டாக்டரின் நிழல்

பீளமேட்டில் பம்பு மோட்டார் பட்டறை வைத்திருந்த நரசிம்மலுவின் குடும்பத்தில் பாதிப் பேருக்கு நிழல் நடுங்கும். உடம்பு கம்பம் மாதிரி நிற்கும். தரையில் கிடக்கிற நிழல் மட்டும் குளிர்ஜுரம் கண்டதுபோல உதறிக்கொண்டிருக்கும். அதனால் அந்த வீட்டில் நிச்சயம், கல்யாணம், சீர் எல்லாமே உச்சி வெயிலில்தான். நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும் நேரம் அது. புதன்கிழமை ராகு காலமாக இருந்தாலும் சரி, சம்பந்தி வீட்டார் வேர்த்து விறுவிறுத்தாலும் சரி, முகூர்த்தம் பன்னிரண்டு மணி. உடனே பந்தி போட்டுவிடுவார்கள் என்பதால் ஊரில் யாரும் குறை சொன்னதில்லை.

நரசிம்மலுவுக்கும் சிறு வயதிலிருந்தே நிழல் நடுங்கும்; ஐம்பது தாண்டியதும் கையே நடுங்க ஆரம்பித்தது. நரம்பு டாக்டர் பார்க்கின்சன் என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்து, ஒரு மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்றார். அதே மாற்றமும் நடுங்குகிற நிழலும் அண்ணன் சுந்தரராஜுலுவுக்கும் இருந்தன. அவரோ எழுபது வயதிலும் ஊசியில் நூல் கோத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டி உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். “மாற்றம் இருந்தா வாய்ப்பு அதிகமுங்க, அவ்வளவுதான். வந்தே தீரும்னு இல்லீங்க” என்றார் டாக்டர். எதிர்வீட்டு வேங்கடசாமியின் நிழல் சுவரில் அறைந்த ஆணி. அவருக்கும் அந்த நோய் வந்தது. இது என்ன நியாயம் என்று நரசிம்மலு கேட்டதற்கு, சின்னச் சின்ன மாற்றங்கள் பல சேர்ந்தும் வரும், காரணமே பிடிபடாமலும் வரும் என்று சொல்லிவிட்டு, டாக்டர் தனக்கொரு டீ வரவழைத்துக் குடித்தார்.

நரசிம்மலுவின் மகள் ஹரிதாவுக்குப் பிறந்ததிலிருந்தே நிழல் நடுங்கும். அது தெரிந்தும் பல் டாக்டருக்குப் படித்தாள், பிடிவாதக்காரி. பட்டறைக்கு முன்னாலேயே கிளினிக் திறந்தாள். அவள் கை இம்மி அசையாது. ஆனால் விளக்கைப் போட்டால், எதிர்ச்சுவரில் டிரில் பிடித்த கையின் நிழல் வெடவெடவென்று ஆடும். நாற்காலியில் படுத்தவர்கள் அதைப் பார்த்து, திறந்த வாயை மூடாமலேயே பஸ் ஸ்டாப் வரை ஓடினார்கள். கொஞ்ச நாளில் ஈ காக்கை வரவில்லை. மூடிவிட்டுப் பட்டறைக் கணக்கைப் பார் என்றது குடும்பம். ஹரிதாவுக்கு அழுகையாக வந்தது. கிளினிக் போகிறதே என்பது ஒரு பக்கம். அப்பாவின் கையைப் பார்க்கும்போதெல்லாம் நம் கை எப்போது என்ற பயம் இன்னொரு பக்கம்.

மூடப்போகிற அன்றைக்குக் கன்னம் வீங்கிப்போய்த் தாராபுரத்திலிருந்து நஞ்சுண்டன் வந்தார். சுவர் சமாசாரம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. ஆனால் வலி பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஓரமாக உட்கார்ந்து நரசிம்மலு காபி குடித்துக்கொண்டிருந்தார். பாதி காபி சட்டைக்குத்தான் போயிற்று. நஞ்சுண்டன் அவரைப் பார்த்தார், அவருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார்.

“ஏனுங் அம்மணி, உங்கய்யன் கை இந்த ஆட்டம் ஆடுது, நெழலு கம்முனு கெடக்குதுங்களே?”

ஹரிதா திரும்பிப் பார்த்தாள். நிழல் அசையவே இல்லை. இத்தனை வருடமாக வெயில் விழுந்தால் ஜன்னலைச் சாத்துகிற குடும்பம் அது. எல்லாரும் அந்தக் கையையே பார்த்துப் பார்த்து அழுதார்களே தவிர, நிழலை ஒருவரும் பார்க்கவில்லை. கை ஆடத் தொடங்கியதும் நிழல் ஓய்ந்திருக்கிறது.

“எனக்குத்தான் போச்சு. நெழலாச்சும் நிம்மதியா இருக்கட்டும்” என்றார் நரசிம்மலு. அவருக்குச் சிரிப்பு வந்ததில் மிச்சக் காபியும் சட்டைக்குப் போயிற்று.

“உங்களுது எப்படீங்க?” என்றார் நஞ்சுண்டன். ஹரிதா விளக்கின் முன்னால் கையை நீட்டினாள். சுவரில் நிழல் உதறித் தள்ளியது. அவள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அன்றுதான் முதல் தடவை.

“அப்ப கை நிக்குமுங்க. புடுங்கிப்போடுங்க” என்று படுத்துக்கொண்டார். கடைவாய்ப்பல் ஒரே இழுப்பில் வந்தது.

நஞ்சுண்டன் போகிற இடமெல்லாம் இதைச் சொல்ல, இப்போது அங்கே டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும். நரசிம்மலு வீட்டுக் கல்யாணங்களைக்கூடக் காலை வெயிலிலேயே வைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஹரிதா தினமும் ஷட்டரைத் தூக்கியதும் தரையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறாள். ஆடாத நாள் வரலாம், வராமலும் போகலாம். அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். டிரில்லை எடுத்ததும், விளக்கு கண்ணைக் கூசப் படுத்திருப்பவர் கேட்கிறார்:

“டாக்டரம்மா, நெழலு ஆடுதுங்களா?”

“ஆடுதுங்க.”

வாயைத் திறக்கிறார்.