ராகு காலத்தில் அறுந்துபோகும் மோடம்

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வாரப் பத்திரிகையின் உதவி ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, தொண்ணூற்றெட்டு பிறந்துவிட்டது, வீட்டுக்கு வீடு இண்டர்நெட் வரப்போகிறது, மோடம் பொருத்தும்போது வரும் கோளாறுகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார். பயனுள்ளதாக இருக்க வேண்டும், சிரிப்பும் வர வேண்டும். யாருடைய மனமும் புண்படக் கூடாது.

இப்படித் தொடங்கினேன்:

"மோடம் என்பது கம்ப்யூட்டருக்கும் டெலிபோனுக்கும் கல்யாணம் செய்துவைக்கும் புரோகிதர்."

[அடித்துவிட்டேன். புரோகிதர் தாலி ஏறியதும் தட்சிணையோடு கிளம்பிவிடுவார். மோடம் கிளம்பாது. இரண்டு பேருக்கும் நடுவிலேயே உட்கார்ந்து, ஒருவர் சொல்வதை மற்றவருக்குத் தன் பாஷையில் சொல்லிக்கொண்டிருக்கும். அது மாமியார்.]

மறுபடியும்:

"கீழ்க்கண்ட ஐந்து சோதனைகளைச் செய்து பார்த்தால் எந்த மோடமும் —"

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஆகவே ஓர் ஆளைப் பிடித்தேன். ஆள் இருந்தால் கோளாறு தானாக வந்துவிடும்.

2

மயிலாப்பூரில், சித்திரைக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் வேதாந்தம் இருக்கிறார். வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஒரு சங்கீத சபாவின் கௌரவச் செயலாளர்.*

மோடம் வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பே அவர் ஈமெயில் விலாசத்தோடு விசிட்டிங் கார்டு அடித்துவிட்டார். அவர் பெயரைவிட அந்த விலாசம் பெரிய எழுத்தில் இருந்தது. சபா கேன்டீனில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து, இனிமேல் யாரும் தபால் போட வேண்டாம், மெயில் போதும் என்று கேட்டுக்கொண்டார். வாங்கியவர்களில் ஒருவரிடமும் கம்ப்யூட்டர் இல்லை. ஆனாலும் எல்லாரும் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

தம்பி மகன் ஸ்ரீகிருஷ்ணா தி. நகரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். அவன்தான் மோடத்தை வாங்கி வந்து, கூடத்து டெலிபோன் வயரில் இணைத்துக் கொடுத்தான். வேதாந்தம் அதற்குச் சந்தனம் குங்குமம் இட்டு, கிழக்கே பார்த்து வைத்து, பஞ்சாங்கப்படி நல்ல வேளையில் பட்டனை அமுக்கினார். அது கீச்சென்று கத்தி, கரகரத்து, அடங்கி, விளக்கை ஏற்றிக்கொண்டது. அன்று முதல் தினமும் காலையில் நல்ல நேரத்தில் இணைத்துவிட்டு, அப்படியே விட்டுவைப்பார். யாரும் மெயில் போடவில்லை. வந்தால் வரட்டும் என்று வாசல்கதவைத் திறந்து வைப்பதுபோலத் திறந்து வைத்திருந்தார்.

(* கௌரவச் செயலாளர் என்றால் சம்பளம் இல்லை என்று பொருள். கௌரவத்தை அவரேதான் கொண்டுவர வேண்டும். வேதாந்தம் நிறையவே கொண்டுவந்தார்.)

3

கோளாறு முதல் வாரத்திலேயே வந்தது. தினமும் ஒரு முறை இணைப்பு அறுந்தது. திங்களன்று காலைக் காப்பி வேளையில். செவ்வாயன்று பிற்பகலில். புதனன்று நடு உச்சியில்.

ஸ்ரீகிருஷ்ணா வந்து பார்த்தான். வயரை மாற்றினான். மென்பொருளை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டான். சுவரில் இருந்த டெலிபோன் பெட்டியைத் திறந்து, உள்ளே காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்டினான். சாயங்காலம் முழுவதும் இணைத்து வைத்துப் பார்த்தான். ஒரு துளி பிசகவில்லை. மறுநாள் மறுபடி அறுந்தது.

அடுத்த வாரம் அவன் வந்தபோது வேதாந்தம் மோடத்தைக் காட்டவில்லை. சுவரிலிருந்த தினசரிக் காலண்டரைக் காட்டினார். தினமும் எந்த நேரத்தில் இணைப்பு அறுந்ததோ, அது அன்றைய ராகு காலம் தொடங்கும் நேரம். ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

"அமெரிக்காக்காரன் பண்ணினதுடா. அவனுக்கு ராகு தெரியாது. ராகுவுக்கு அவனைத் தெரியறது, பார்" என்றார்.

ஸ்ரீகிருஷ்ணா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அவன் படித்த எந்த மேனுவலிலும் இது இல்லை.

4

உண்மையில் அதிர்ச்சி அடைந்தவன் நான்தான்.

ஒரு நகைச்சுவைப் பக்கத்துக்காக மோடத்தை அறுத்துவிட்டேனே தவிர, எதனால் அறுகிறது என்று நான் யோசித்திருக்கவில்லை. ராகு காலம் என்று கை தானாக எழுதிவிட்டது. பகுத்தறிவுள்ள எழுத்தாளன் என்று நாலு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இப்படி விட்டுவிட முடியாது. முதலிலிருந்து வாசித்துப் பார்த்தேன். அந்த வீட்டில் நான் ஒரே ஒரு டெலிபோன்தான் வைத்திருந்தேன், கூடத்தில். சமையலறைக்குள் போய்ப் பார்த்தால், ஜன்னலோரம், அரிசி டிரம்மின் மேல் இன்னொரு டெலிபோன் இருக்கிறது. அதே லைனில் பிரித்து எடுத்தது. ஒன்றை எடுத்தால் மற்றதிலும் கேட்கும். ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வேதாந்தத்தின் மனைவி சுப்புலக்ஷ்மி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்து அவள் ரிசீவரைக் கீழே வைக்கவில்லை.

ஆகவே அவளைப் பற்றி எழுத வேண்டியதாயிற்று. சுப்புலக்ஷ்மி வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுப்பவள். போன வருஷம் பட்டினப்பாக்கத்திலிருந்து அன்புச்செல்வி என்றொரு பெண் பாட்டு கற்றுக்கொள்ள வந்தாள். அம்மா தேவானை மீன் கடை போட்டிருக்கிறாள். பெண் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் உட்காருகிறாள். வாசலிலேயே அவளை எதிர்கொண்ட வேதாந்தம் மிக மரியாதையாக, "பேட்ச் ஃபுல் ஆயிடுத்தும்மா. விஜயதசமிக்குப் பார்க்கலாம்" என்றார். உள்ளே ஜமக்காளத்தில் பாதி காலியாக இருந்தது. அன்று மாலை சபா ஆண்டு விழாவில் இசைக்குச் சாதி ஏது, எல்லை ஏது என்று பேசிக் கைதட்டல் வாங்கினார். [இது இடைச்செருகல் இல்லை. இரண்டும் ஒரே நாளில்தான் நடந்தன. நான் வேறு வேறு நாளாக மாற்றிப் பார்த்தேன், அவர் சம்மதிக்கவில்லை.]

காலையில் வாசலில் அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டே, ஜன்னலில் நின்ற சுப்புலக்ஷ்மியைப் பார்த்து பூத்தின் நம்பரை ஒரு முறை சொல்லிவிட்டுப் போனாள். ஒரு முறை கேட்ட வர்ணத்தைத் திருப்பிப் பாடுகிறவளுக்கு ஆறேழு இலக்கம் எம்மாத்திரம்?

அன்றிலிருந்து டெலிபோனில் பாடம் நடக்கிறது. ராகு காலத்தில். அந்த நேரத்தில் வேதாந்தம் எதையும் தொடங்க மாட்டார், டெலிபோனைத் தொட மாட்டார். அவருக்குத் தெரிந்தவர்களும் தொட மாட்டார்கள். தெருவே ஒதுங்கிக் கொடுக்கும் நேரம் அது. அதைத்தான் சுப்புலக்ஷ்மி எடுத்துக்கொண்டாள்.

மோடம் வந்த பிறகுதான் சிக்கல். தொடங்கத்தான் தடை, தொடர்வதற்கு ராகுவிடம் ஆட்சேபம் இல்லை என்பது வேதாந்தத்தின் தீர்ப்பு. ஆகவே காலையில் இணைத்ததை அப்படியே விட்டுவிடுவார். இவள் ரிசீவரை எடுத்தால் காதில் கடுகு தாளிக்கிற சத்தம். கொஞ்சம் பொறுத்தால் அது செத்துப்போகும். வைத்துவிட்டு மறுபடி எடுத்தால் சுத்தமான லைன்.

கணவர் ராகுவைக் கண்டுபிடித்துச் சமையலறைக்கு வந்து சொன்னபோது அவள் கரண்டியை வைத்துவிட்டு முழுதையும் கேட்டுக்கொண்டாள்.

"நான்கூடக் கவனிச்சேன்னா. அந்த நேரத்துல மிக்ஸியும் கொஞ்சம் திணறறது."

5

மயிலாப்பூர் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. சபாவின் தலைவர் ரகுபதி, இதை நேரில் பார்க்காமல் நம்புவது விஞ்ஞானம் ஆகாது என்றார். வெள்ளிக்கிழமை காலை, ராகு காலத்துக்கு முன்னால் நிர்வாகக் குழு முழுதும் வேதாந்தம் வீட்டில் கூடுவது என்று முடிவாயிற்று.

அதே வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அன்புச்செல்விக்கு இசைக் கல்லூரியில் சேர்க்கைத் தேர்வு. சாவேரி ராக வர்ணத்தின் சரணத்தில் ஒரு இடம் இன்னும் அவளுக்குப் பிடிபடவில்லை. வியாழக்கிழமையும் வழுக்கியது. வெள்ளி காலை ஒரு தரம் சரியாகப் பாடிக் காட்டாமல் தான் போகப்போவதில்லை என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

சுப்புலக்ஷ்மியால் நேரில் போக முடியாது. குழு முழுதுக்கும் காப்பி கலக்க வேண்டும். முன்கூட்டியே பேசிவிடவும் முடியாது; விடிந்ததிலிருந்து மோடம் லைனைப் பிடித்துக்கொண்டிருக்கும். ராகு காலம் வந்ததும் ரிசீவரை எடுப்பதுதான் ஒரே வழி. எடுத்தால் கணவருடைய கண்டுபிடிப்பும் நிரூபணம் ஆகும், பாடமும் நடக்கும். ராகுவுக்கும் நல்ல பெயர். அவள் கணக்கில் குறையே இல்லை.

குறை என் பக்கம். மோடத்தின் வயிற்றில் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கிறது. ஒரு கட்டளையைத் தட்டினால் லைனில் ஓடுவதெல்லாம் வெளியே கேட்கும். ஸ்ரீகிருஷ்ணாவுக்கு அது தெரியும். அவளுக்குத் தெரியாது. அவளை எச்சரிக்க எனக்கு வழியில்லை. என் கதைக்குள் எனக்கே டெலிபோன் இல்லை. இரண்டு வரைவுகளில் ஸ்ரீகிருஷ்ணாவுக்கு ஜுரம் வரவழைத்தேன். மாத்திரை போட்டுக்கொண்டு வந்துவிட்டான். மூன்றாவதில் அவனுடைய ஸ்கூட்டரை ராயப்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். பஸ்ஸில் வந்துவிட்டான்.

6

எல்லாரும் மோடத்தைச் சுற்றி அரை வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ராகு காலம் பிறந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. வேதாந்தம் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மோடத்தின் விளக்கு அணைந்தது.

ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ரகுபதி எழுந்து வேதாந்தத்தின் கையைப் பிடித்துக் குலுக்கி, மேல்நாட்டு விஞ்ஞானம் இப்போதுதான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்றார். வேதாந்தம் இதைக் கட்டுரையாக எழுதி மெயிலில் அனுப்பப்போவதாக அறிவித்தார். யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

"பெரியப்பா, லைன்ல இப்போ என்ன இருக்குன்னு கேட்டுடறேன்" என்றான் ஸ்ரீகிருஷ்ணா.

"ராகு காலத்துல எதுவும் தொடங்கப்படாதுடா."

"தொடங்கலையே. கேக்கறோம்."

குழு ரகுபதியின் முகத்தைப் பார்த்தது. அவர் கண்ணை மூடி யோசித்து, கேட்பதற்கு தோஷமில்லை என்று அனுமதி கொடுத்தார். ஸ்ரீகிருஷ்ணா கட்டளையைத் தட்டினான். அங்கிருந்த பாதிப் பேர் ராகுவின் குரலை எதிர்பார்த்தார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு பெண் குரல் வந்தது. தகரத்தில் வடிகட்டினது போல மெலிந்து வந்தது. ஆனாலும் சாவேரி சாவேரியாகவே இருந்தது. சரணத்து ஸ்வரங்கள். அத்தனை பேரும் மோடத்தை நோக்கிக் குனிந்தார்கள். பிறகு பழக்கம் வென்றது. ரகுபதியின் வலது கை தொடையில் ஆதி தாளத்தைத் தொடங்கியது. பக்கத்தில் ஒரு கை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கை. வேதாந்தத்தின் கையும். லைன் கலந்து ஏதோ ரேடியோ வருகிறது என்று ஒருவர் சொன்னார். ரேடியோவில் இவ்வளவு நன்றாகப் பாட மாட்டார்கள் என்றார் இன்னொருவர். வழுக்கும் அந்த இடம் வந்தது. குரல் அதில் கால் வைத்து, நின்று, ஏறிப் போயிற்று.

"பேஷ்" என்றார் ரகுபதி. "யாராத்துக் குழந்தையோ. இந்த சுத்தம் சொல்லிக் குடுத்து வராது ஓய். ரத்தத்துல வரணும்."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். பாட்டு நின்றது. மூச்சு வாங்கும் சத்தம். பிறகு மோடம் பேசியது:

"மாமி, நேத்து சொன்னியே அந்த எடம், இப்போ சர்யா கீதா? இன்னா மாமி, பேசாம கீற? சொல்லு. சர்யா இல்லன்னா நான் போவல."

கைகள் நின்றன. ரகுபதியின் மோதிர விரல் தொடையைத் தொடுவதற்கு ஒரு நூல் முன்னால் நின்றது.

பதில் இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. மோடத்திலிருந்தும், சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்தும், ஒரே சமயத்தில், ஒரே குரலில்:

"சரியா இருக்குடி. இன்னொரு தரம் பாடு. நான் தாளம் போட்டுண்டு கேக்கறேன்."

7

உதவி ஆசிரியர் முடிவு கேட்கிறார். மூன்று எழுதினேன்.

முதல் முடிவில் வேதாந்தம் டெலிபோன் வயரையே சுவரிலிருந்து பிடுங்கிவிடுகிறார். அன்புச்செல்வி பூத்தில் செத்த ரிசீவரைப் பிடித்துக்கொண்டு —

[இதை நான் முடிக்க மாட்டேன்.]

இரண்டாவதில் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இது எல்லாமே தன் ஏற்பாடு, விஞ்ஞானமும் இசையும் எளியவரைச் சென்றடைய வேண்டும் என்பதற்கான செயல் விளக்கம் என்கிறார். கைதட்டல். அடுத்த ஆண்டு விழாவில் மாணவியை மேடையேற்றி, அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார். இது மிகச் சுலபமாக எழுத வந்தது. பேனாவே சிரித்தது. அதனால்தான் கிழித்துப் போட்டேன்.

மூன்றாவதை நான் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தபோது கண்டது இவ்வளவுதான்: சுப்புலக்ஷ்மி சமையலறை வாசலுக்கு வந்துவிட்டாள். டெலிபோன் வயர் இழுக்கிற மட்டும் வந்து நிற்கிறாள். ரிசீவர் காதில். கூடத்து மோடத்திலிருந்து வரும் குரலை இப்போது அவளும் கேட்டுவிட்டாள். ஆனால் ரிசீவரை வைக்கவில்லை. அந்தப் பக்கம் அந்தப் பெண், இங்கே ஒரு நிர்வாகக் குழு கேட்டுக்கொண்டிருப்பது தெரியாமல், இரண்டாம் தரம் பாடத் தொடங்கிவிட்டாள். சுப்புலக்ஷ்மி கணவரைப் பார்த்தபடியே, எல்லார் எதிரிலும், புடவை மடிப்பின் மேல் தாளத்தைப் போடுகிறாள். அவள் ஒருத்தியின் கைதான் அந்தக் கூடத்தில் அசைகிறது.

வேதாந்தத்தின் கை நடுவில் இருக்கிறது. கீழே அவருடைய தொடை. ஒரு சாண் தள்ளி, சுவரிலிருந்து மோடத்துக்கு வரும் டெலிபோன் வயர். அந்தக் கையை எந்தப் பக்கமும் நகர்த்த என்னால் முடியவில்லை. எத்தனை முறை தள்ளினாலும் அங்கேயே நிற்கிறது.

நீங்கள் நகர்த்திப் பாருங்கள். வழுக்குகிற அந்த இடம் வந்துகொண்டிருக்கிறது. மூன்று மணிக்கு அவளுக்குத் தேர்வு.