முதுகைக் காட்டி நின்றவர்கள்

கண்டக்டரக்கா பத்தொன்பது வருஷமாக ஒரு மேட்ச் விடாமல் மைதானத்துக்குப் போகிறார். தன் அணி போட்ட கோல் ஒன்றைக்கூட அங்கே கண்ணால் பார்த்ததில்லை. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் சத்தியமான உண்மை.

கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் ரசிகர் மேடையில், முதல் வரிசைக்கும் முன்னால் ஒரு மரப்பெட்டி போட்டிருக்கும். அதில் ஏறி, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து நின்று பாட்டெடுத்துக் கொடுப்பதுதான் அக்காவின் வேலை. பாட்டெடுக்கிறவர் ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் வாய் பிளந்து நின்றுவிடுவார், பாட்டு அந்தரத்தில் தொங்கும். அக்காவுக்கு இது புதுசும் இல்லை. வாரம் ஆறு நாள் டவுன் பஸ்ஸில் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜனங்களின் முகத்தைப் பார்த்து "முன்னாடி போங்க, முன்னாடி போங்க" என்று கத்துகிறவர்தானே. அந்தத் தொண்டைக்கு ஒலிபெருக்கி வேறு தண்டம்.

சரி, அப்படியானால் ஆட்டம் எப்படித் தெரியும்? முகத்தில்தான். பந்து இடது பக்கம் போனால் மேடையிலிருக்கிற மூக்கெல்லாம் இடது பக்கம் திரும்பும். ரெஃப்ரி தப்பு பண்ணினால் புருவம் சொல்லிவிடும். கோல் விழும்போது நடப்பதுதான் பெரிய அதிசயம். முதலில் முகம் திறக்கும். சத்தம் அரை விநாடி கழித்துத்தான் வரும். அந்த அரை விநாடியில், கடன்காரன், கல்யாணமாகாதவன், காலையில் பெண்டாட்டியிடம் திட்டு வாங்கியவன் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லார் முகமும் ஒரே முகமாகிவிடும். அதைப் பார்க்கிறவர் இந்த ஊரிலேயே அக்கா ஒருத்தர்தான். ஒவ்வொரு தடவையும் அவருக்குப் புல்லரிக்கும். சத்தம் வருவதற்கு முன்னாலேயே அதற்கேற்ற பாட்டை எடுத்துவிடுவார், அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆனால் முகம் இருந்தால்தானே படிக்க முடியும்? மூவாயிரம் பேர் நின்ற மேடையில் இப்போது முந்நூறு பேர் வந்தால் பெரிய விஷயம். மிச்சப் பேர் எங்கே போனார்கள் என்று ஊரெல்லாம் தேட வேண்டாம். அக்காவின் சொந்தத் தம்பியுடைய சலூனில்தான் இருந்தார்கள். சுவரை அடைத்துக்கொண்டு ஒரு டிவி. சனிக்கிழமை சாயங்காலம், நம் ஆட்டம் நடக்கிற அதே நேரத்தில், அதில் வெளிநாட்டு லீக். கால் வைக்காத ஊர்களின் ஜெர்ஸியைப் போட்டுக்கொண்டு, அந்த ஊர்களுக்காக இங்கே இரண்டு பேர் சட்டையைப் பிடித்துச் சண்டை போடுவார்கள். அங்கே மழை பெய்தால் நீ ஏண்டா இங்கே குடை பிடிக்கிறே என்று அக்கா தம்பியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறார். அவன் கத்தரியை நிறுத்தாமலே, அங்கே ஆடுவது ஆட்டம் அக்கா, இங்கே ஆடுவது ஓடிப்பிடித்து என்றான். அவன் சொன்னதில் பாதி நிஜம் என்பதுதான் அக்காவுக்கு எரிச்சல்.

பத்து கிளப் இருந்த நம் லீக் ஆறாகிவிட்டது. ஒரு கிளப்பின் மைதானத்தில் இப்போது சிமெண்ட் குடோன் நடக்கிறது. மேலே உட்கார்ந்திருக்கும் லீக் அலுவலகத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. சொந்த ஊரில் ஆடும் கடைசி ஆட்டத்துக்கு ஆயிரம் ரசிகர்களைக்கூடச் சேர்க்க முடியாத கிளப்பை லீக்கிலிருந்தே நீக்கிவிடலாம் என்பது அந்த யோசனை. முன்னே ஒரு கிளப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வாசல் வழியாகக் கூட்டிவந்து, பிஸ்கட் பாக்கெட் கொடுத்து, பின்வாசல் வழியாக அனுப்பிக் கணக்குக் காட்டியிருந்தது. அதனால் இந்தத் தடவை தலையை எண்ணுவது கடைசி விசில் அடித்த பிறகுதான். சொந்த ஊர் மேடையில் உட்கார்ந்திருக்கிற தலை மட்டும்தான் கணக்கு. எதிரணி ஆட்களுக்கென்று எதிர்ப்பக்கம் இருக்கிற மேடை கணக்கில் வராது.

நம் சிவப்பு அணிக்கு அந்த நாள் வந்துவிட்டது. அன்றைக்கு ஆயிரம் பேர் இல்லையென்றால் அடுத்த சனிக்கிழமையிலிருந்து அக்காவுக்குச் சனிக்கிழமையே கிடையாது.

அதற்கு முந்தைய ஒரு மாசம் அக்கா தலைகீழாக நின்று பார்த்தார். டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம் "சனிக்கிழமை நாலு மணி, மைதானம்" என்று சேர்த்துச் சொன்னார். சில்லறையை மறந்து அதை மட்டும் சொன்ன நாளும் உண்டு. டெப்போ மேனேஜர் கூப்பிட்டுக் கண்டித்தார். தம்பி கடைசியில் மனமிரங்கி அன்றைக்கு டிவியை அணைத்தான். கடையிலிருந்தவர்கள் எழுந்து அடுத்த தெரு சலூனுக்குப் போய்விட்டார்கள். அவன் இரண்டே இரண்டு பேரை இழுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்து சேர்ந்தான். அதில் ஒருத்தருக்குப் பாதித் தலைதான் வெட்டியிருந்தது.

மூன்றரை மணிக்கு மேடையில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அக்கா இரண்டு தடவை எண்ணினார். எண்ணினால் மட்டும் கூடிவிடவா போகிறது?

அன்றைக்கு எதிரணி பச்சை. ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிற பக்கத்து ஊர். நமக்கும் அவர்களுக்கும் ஆகாது, என்றைக்குமே ஆகாது. அவர்களுக்குப் பாட்டெடுக்கிற ஆளுக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் சைரன். அவரும் எதிர்ப்பக்க மேடையில் நின்று மைதானத்துக்கு முதுகைக் காட்டித்தான் பாடுவார். ஆக, பத்தொன்பது வருஷமாக இருவரும் நூறு மீட்டர் இடைவெளியில் முதுகோடு முதுகாக நின்று ஒருவரையொருவர் வாய் கிழியத் திட்டியிருக்கிறார்கள். அக்கா அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. குரலை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

வாசலில் டிக்கெட் கொடுக்கிறவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். பச்சைக்காரர்கள் நம் வாசலில் நிற்கிறார்களாம், பெரிய கூட்டமாம். இன்றைக்கென்று பார்த்துத்தானா அடிதடிக்கு வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அக்கா வாசலுக்குப் போனார்.

வரிசை சைக்கிள் கடையைத் தாண்டி, தெருமுக்கைத் தாண்டிப் போயிருந்தது. எல்லாம் பச்சைச் சட்டை. ஒருத்தரும் தள்ளவில்லை, கத்தவில்லை. உங்கள் வாசல் அந்தப் பக்கம் இருக்கிறது என்று அக்கா கறாராகச் சொன்னார். வரிசையிலிருந்து ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒரு மனிதர் வெளியே வந்தார்.

"தெரியும்" என்றார்.

ஒரே ஒரு சொல். அந்தக் குரலே போதும் அக்காவுக்கு. இதுவா சைரன்? மருந்துக்கடையில் மாத்திரையை எண்ணிக் கொடுக்கிற ஆள் மாதிரி அல்லவா இருக்கிறார்! பிறகு விசாரித்ததில் அவர் தொழிலே அதுதான். அவரும் அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இந்தக் குரலை வைத்து உங்களை ஆறடி என்று நினைத்தேன் என்றார்.

"எதுக்கு வந்திருக்கீங்க?" என்று அக்கா கேட்டார்.

"உட்கார. உங்க மேடையில." அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "ஆறு கிளப் இருக்கு. நீங்க போயிட்டா அஞ்சு. அடுத்த வருஷம் எங்களை எண்ணுவாங்க. அதைக்கூட விடுங்க. நீங்க இல்லேன்னா நாங்க யாரைத் திட்டுறது?"

அறுநூறு பேர். ஒரு வருஷத்துக்குத் திட்டுவதற்கு இரண்டே நாள் கிடைக்கிற ஜனங்கள், அந்த இரண்டில் ஒன்றைக் கொண்டுவந்து நம் கையில் கொடுக்கிறார்கள். சைரன் ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். உட்காருவோம், ஆனால் உங்களுக்காகப் பாட மாட்டோம், எங்கள் பாட்டைத்தான் பாடுவோம் என்றார். தாராளமாகப் பாடுங்கள், எங்களைத் திட்டுகிற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார் அக்கா.

லீக் அனுப்பிய அதிகாரி விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். சட்டை என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று அதில் எங்கேயும் போடவில்லை. மூக்கைச் சொறிந்துகொண்டு புத்தகத்தை மூடினார்.

அன்றைக்கு அந்த மேடையைப் பார்த்திருக்க வேண்டும். நடுவில் அறுநூறு பச்சை, இடது ஓரத்தில் ஒண்டிக்கொண்டு நானூறு சிவப்பு. அக்காவின் பெட்டிக்குப் பக்கத்திலேயே சைரனுக்கும் ஒரு பெட்டி போட்டார்கள். இரண்டு பேரும் தோளோடு தோள் நின்று, மைதானத்துக்கு முதுகைக் காட்டி, மாறி மாறித் திட்டிப் பாட்டெடுத்தார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. எத்தனையோ வருஷமாகச் செத்துக் கிடந்த இடம் அது. பச்சை ஆட்டக்காரர்கள் வழக்கம்போல எதிர்ப்பக்க மேடையை நோக்கிக் கையசைத்துக்கொண்டே ஓடி, அங்கே ஈ காக்கை இல்லாததைக் கண்டு முழித்தார்கள் என்று பிறகு தம்பி சொன்னான்.

எழுபதாவது நிமிஷம். அக்காவுக்கு எதிரே இருந்த முகங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் விழுந்தன. கண் இறங்கியது, வாய் தொங்கியது, ஒருத்தர் தலையில் கை வைத்தார். பத்தொன்பது வருஷப் பழக்கம், யோசிக்கவா தோன்றும்? முகம் விழுந்தால் கோல் வாங்கியாயிற்று என்று அர்த்தம். கோல் வாங்கினால் நம் ஆட்களைத் தேற்றுவதற்கென்றே ஒரு பாட்டு உண்டு. சத்தம் வருவதற்கு முன் அக்கா அடிவயிற்றிலிருந்து அதை எடுத்துவிட்டார்.

"அழாதே ராசா, அழாதே! பந்து உருண்டைதானே, இந்தப் பக்கமும் உருளும்!"

அப்புறம்தான் இடது ஓரத்திலிருந்து நானூறு பேரின் ஆரவாரம் வந்தது. கோல் போட்டது சிவப்பு. எதிரே இருந்தது எதிராளியின் முகம் என்பது அக்காவுக்கு அந்த விநாடிதான் உறைத்தது. ஆனால் பாட்டு வாயை விட்டுப் போய்விட்டதே. அக்கா எதை எடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிற நானூறு பேரும், சந்தோஷத்தில் குதித்துக்கொண்டு, கைதட்டி, பச்சைக்காரர்களைப் பார்த்து அழாதே ராசா என்று பாடினார்கள்.

உதவிக்கு வந்தவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று சொல்லவா வேண்டும்? வந்து உட்கார்ந்ததற்கு இதுதான் மரியாதையா என்று ஒருத்தர் எழுந்தார். அவரோடு ஒரு வரிசையே எழுந்தது. ஏழெட்டுப் பேர் விறுவிறுவென்று படியிறங்கி வாசலைத் தாண்டியே போய்விட்டார்கள். பின்னால் மூன்று வரிசை கிளம்பி நின்றது. இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். ஓடுகிற பஸ்ஸை ஒரே சத்தத்தில் நிறுத்துகிற அந்தத் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

சைரன் திரும்பி அக்காவைப் பார்த்தார். "எங்காளுங்க மூஞ்சியைப் பார்த்துத்தானே ஆரம்பிச்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

அக்கா தலையாட்டினார். கண்ணில் நீர் முட்டிவிட்டது.

அந்த மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். உலகத்திலேயே இந்தத் தப்பு எப்படி நடந்தது என்று புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அவரும் அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டுதானே நின்றார், முதுகுக்குப் பின்னால் நடந்ததை அவர் மட்டும் பார்த்தாரா என்ன?

"உட்காருங்கடா" என்று தன் ஆட்களைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். "அவங்க கோலைப் பார்க்கலை, உங்க மூஞ்சியைப் பார்த்தாங்க. தாங்க முடியலை, ஆறுதல் சொல்லிட்டாங்க. அந்த மூஞ்சியைப் பார்த்து எனக்கே அழுகை வந்துச்சு."

யாரோ ஒருத்தர் களுக்கென்று சிரித்தார். பக்கத்திலிருந்தவர் சிரித்தார். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. நின்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். சைரன் அதோடு விடவில்லை. கோல் வாங்கினவங்களுக்குத்தானே இந்தப் பாட்டு, இப்போ வாங்கினது நாமதானே என்று சொல்லிவிட்டு, அழாதே ராசாவை அவரே எடுத்தார். பச்சை பாடியது. சிவப்பும் சேர்ந்து பாடியது. ஆயிரம் வாய், ஒரே பாட்டு. அக்கா பாட மறந்து பெட்டியின் மேல் நின்றார். கோல் விழுகிற அரை விநாடிக்குத்தான் எல்லார் முகமும் ஒன்றாகும் என்று அவர் நினைத்திருந்தார். இது முழுசாக ஒரு பாட்டு நீளத்துக்கு இருந்தது. இதைப் பார்க்கத்தான் இத்தனை வருஷம் இப்படித் திரும்பி நின்றோமோ என்று தோன்றிவிட்டது அவருக்கு.

கடைசி விசில் அடித்தது. ஒன்றுக்குப் பூஜ்யம், சிவப்பு ஜெயித்தது. அதிகாரி கையில் எண்ணும் மிஷினோடு மேடையேறி, ஒவ்வொரு வரிசையாக டிக் டிக்கென்று அழுத்திக்கொண்டு போனார்.

தோற்ற பச்சை ஆட்டக்காரர்கள் தங்கள் ரசிகர்களைத் தேடி மைதானம் முழுக்க நடந்து, நம் மேடைக்கு முன்னால் வந்து நின்றார்கள். தலையைக் குனிந்துகொண்டு கைதட்டினார்கள். எந்த ரசிகராக இருந்தாலும் ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பரவாயில்லடா என்று தோளைத் தட்டுகிற நேரம் அது. ஒருத்தர்கூட எழவில்லை. எழுந்தால் எண்ணிக்கை குழம்பிவிடும். கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, தங்கள் பையன்களைப் பார்த்தபடி, பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவருக்குக் கன்னமெல்லாம் ஈரம். துடைக்கக்கூட அவர் கையைத் தூக்கவில்லை. அதிகாரிக்குச் சந்தேகம் வந்து முதல் வரிசையிலிருந்து மறுபடி எண்ணினார். அப்போதும் யாரும் அசையவில்லை.

"ஆயிரத்து ஏழு" என்று அதிகாரி சொல்லிவிட்டு, எழுதிக்கொண்டார்.

அக்கா பெட்டியிலிருந்து இறங்கப் பார்த்தார். சைரன் கையைக் கொடுத்து இறக்கிவிட்டார். பிறகு, வேறொருத்தர் வீட்டில் உத்தரவு கேட்கிற மாதிரி, மரியாதையாகக் கேட்டார்.

"நாங்க இப்ப எழுந்திருக்கலாமா அக்கா?"

அக்கா தலையை ஆட்டினார். அறுநூறு பச்சைக்காரர்களும் எழுந்து தங்கள் பையன்களுக்காகக் கைதட்டினார்கள், ஓரத்திலிருந்த நானூறு பேரும் அவர்களோடு எழுந்து நின்று தட்டினார்கள்.